மண் சென்சார் போனில் தெரியவில்லை, உறைபனியை இதில் பிடிக்க முடியுமா?

கேள்வி: நீலகிரி கேத்தி பாலாடாவில் நீர்ப்போகத்துக்கு (நீர் பாய்ச்சிச் செய்யும் பருவம்) உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டிருக்கிறேன். ஈரம், வெப்பநிலை, பிஎச், தழை மணி சாம்பல் சத்து எல்லாம் காட்டும் என்று சொல்லி விற்ற, யூஎஸ்பி வயர் வைத்த மண் சென்சார் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மகனுடைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது, என் ஆண்ட்ராய்டு போனில் செருகினால் ஒன்றும் வரவில்லை. இதை வைத்து உறைபனி விழப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: வணக்கம் அண்ணா. கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்றால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது, தகராறு போன் பக்கம். யூஎஸ்பியில் ஒரு முனை கேள்வி கேட்கும், கரண்டும் கொடுக்கும், மறுமுனை பதில் சொல்லும். சார்ஜரிலோ கம்ப்யூட்டரிலோ மாட்டியே பழகிய போனைக் கேள்வி கேட்கும் இடத்துக்கு மாற்றுவதற்குப் பெயர்தான் ஓடிஜி. அதற்கு ஓடிஜி அடாப்டர் வேண்டும், மொபைல் கடையில் கிடைக்கும். சில போன்களில் செட்டிங்ஸில் போய் ஓடிஜியை ஆன் செய்ய வேண்டும், பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாகவே அணைந்தும் போகும். முதலில் அந்த அடாப்டரில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அது தெரிந்தால் போன் சரி.

அப்புறம் ஆப். கம்ப்யூட்டரில் டிரைவர் (சென்சார் வயரோடு பேச வைக்கும் மென்பொருள்) போட்டிருப்பார்கள். ஆண்ட்ராய்டில் அந்த வேலையை ஆப்தான் செய்ய வேண்டும், அதனால் சென்சார் பேச்சை யூஎஸ்பிக்கு மாற்ற வயரில் இருக்கும் சிஎச்340 மாதிரியான சிப்பைத் தெரிந்த ஆப்பாகப் பார்த்துப் போடுங்கள். வருவதை அப்படியே காட்டும் வெறும் சீரியல் டெர்மினல் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் விடிந்தாலும் எதுவும் வராது, ஏனென்றால் இந்த வகை சென்சார்கள் பெரும்பாலும் மோட்பஸ் முறையில் பேசுபவை, கேட்டால்தான் வாய் திறக்கும். மோட்பஸ் ஆப் ஒன்றில், கூட வந்த தாளில் இருக்கும் வேகத்தையும் (4800 அல்லது 9600) சென்சாரின் முகவரி எண்ணையும் போட்டால் எண்கள் வரும். அவை பெரும்பாலும் பத்து மடங்காக வரும், 235 என்றால் 23.5.

வந்த எண்களில் எதை நம்புவது? தழை, மணி, சாம்பல் என்று காட்டுவதை மறந்துவிடுங்கள். மலிவான சென்சார்கள் மண்ணில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகின்றன, நேற்று உரம் போட்டு இன்று நீர் பாய்ச்சினால் ஏறும். பிஎச்சையும் அதை நம்பி விட வேண்டாம், நம் மலை மண் புளிப்பு மண், சுண்ணாம்பு எவ்வளவு போடுவது என்பதை ஊட்டி மண் பரிசோதனை நிலையத்தில் மண் கொடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஈரம் பயன்படும், ஆனால் அது காட்டும் சதவீதத்தை அப்படியே எடுக்காதீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் என்ன காட்டுகிறது, மதியத்தில் இலை லேசாகத் தொங்கும் நாளில் என்ன காட்டுகிறது, இந்த இரண்டையும் குறித்து வையுங்கள். உங்கள் தோட்டத்துக்கு அதுதான் அளவு.

சரி, உறைபனி. மண்ணில் குத்திய சென்சார் இதற்கு உதவாது. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் இலையின் சூடு வானத்துக்குப் போய்விடும், மண்ணுக்குள் அப்போதும் கதகதப்பு இருக்கும். வானிலைச் செய்தியில் 3 டிகிரி என்று சொல்வது ஆள் நெஞ்சு உயரக் காற்றின் கணக்கு, அதே நேரம் புல்மேல் பூச்சியம் ஆகியிருக்கலாம். பள்ளத்தில் குளிர் காற்று இறங்கித் தேங்குவதால் மேட்டுப் பாத்தி தப்பித்துக் கீழ்ப்பாத்தி கருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே ஆர்எஸ்485 (நீண்ட தூரம் இழுக்கக்கூடிய வயர் இணைப்பு) வகை வெப்பநிலை சென்சார் தனியாக ஒன்று வாங்கி, இருப்பதிலேயே பள்ளமான பாத்தியில், கிழங்குச் செடியின் இலை உயரத்தில், வானம் தெரியும்படி கட்டுங்கள். கட்டும் முன் ஐஸைப் பொடித்து டம்ளரில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு அதில் முக்குங்கள், பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

போனை இரவெல்லாம் தோட்டத்தில் வைக்காதீர்கள், குளிரில் சார்ஜ் இறங்கிவிடும். யூஎஸ்பி வயரை நீட்டப் பார்க்கவும் வேண்டாம், 5 மீட்டர்தான் அதன் வரம்பு. நீட்ட வேண்டியது சென்சார் பக்கத்து ஆர்எஸ்485 வயரை, அது நூற்றுக்கணக்கான மீட்டர் தாங்கும். சென்சாருக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட் பேட்டரி வைத்து (சென்சார் 12 வோல்ட் தாங்குமா என்று பார்த்துக்கொண்டு), போனோடு பம்பு செட்டில் உட்காரலாம்.

2 டிகிரிக்கு வந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் ஸ்பிரிங்ளரைப் போடுங்கள். தண்ணீர் உறையும்போது கிராமுக்கு 80 கலோரி சூட்டை விடும், செடியைக் காப்பது அதுதான். வெயில் வந்து இலைமேல் இருக்கும் ஐஸ் கரையும் வரை நிறுத்தக் கூடாது, பாதியில் நிறுத்தினால் போடாமலே இருந்ததைவிட மோசம். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் சாயந்திரமே மிலார் (செடிக் குச்சிகள்), ஓலை என்று கிடைப்பதைப் போட்டு மூடிவிடுங்கள். கேரட் ஓரளவு தாங்கும், கிழங்குக்கு முதலில்.

ஒன்று சொல்ல மறந்தேன். விடியற்காலை திரையில் 65531 என்று வந்தால் சென்சார் கெட்டுவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள், நான் ஒருமுறை பிடுங்கியிருக்கிறேன். பூச்சியத்துக்குக் கீழே போனால் சில ஆப்கள் அப்படித்தான் காட்டும். 65536-இலிருந்து கழித்தால் 5, அதாவது மைனஸ் 0.5 டிகிரி.