பாதியில் நின்ற இன்டர்ன்ஷிப்: மாணவர் விசா கிடைக்குமா?

கேள்வி: ஜே-1 விசாவில் அமெரிக்க ஹோட்டல் ஒன்றுக்கு 12 மாத இன்டர்ன்ஷிப் போனேன். வேலை நேரத் தகராறில் 7-ஆம் மாதமே ஊர் திரும்பிவிட்டேன். இப்போது முதுகலைப் படிப்புக்கு அமெரிக்கக் கல்லூரியிலிருந்து ஐ-20 (மாணவர் விசாவுக்கான சேர்க்கைச் சான்று) வந்திருக்கிறது. பழையதைச் சொல்லாமல் விடலாமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: மறைக்கவே மறைக்காதீர்கள். உங்கள் ஜே-1 விவரம் செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பயிற்சியாளர்களுக்கான அமெரிக்க அரசின் கணினித் தொகுப்பு) பதிவில் இருக்கிறது. விசா அதிகாரி அதைப் பார்ப்பார். பாதியில் திரும்பியதைச் சமாளித்துவிடலாம். பொய் சொன்னது தெரிந்தாலோ ஆயுள் தடையே வரலாம்.

ஜே-1-க்கான டிஎஸ்-2019 சான்றைக் கொடுத்த ஸ்பான்சருக்கு (பயிற்சித் திட்டத்தை நடத்தும் அமைப்பு) இன்றே மின்னஞ்சல் அனுப்பி, பதிவு எப்படி மூடப்பட்டது என்று கேளுங்கள். முன்கூட்டியே முடிந்ததாக இருந்தால் நிம்மதி. 'டெர்மினேட்டட்' (ரத்து செய்யப்பட்டது) என்றிருந்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். ஆகவே திருவனந்தபுரத்திலோ வேறெங்கோ இறங்கியபோது விழுந்த முத்திரையும் போர்டிங் பாஸும் முக்கியம். ஐ-94 (அமெரிக்கா வந்துபோனதற்கான அரசுப் பதிவு) பயண வரலாற்றையும் அச்செடுங்கள்.

டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் பழைய விசா, பயணத் தேதிகளைச் சரியாக நிரப்புங்கள். ஜே-1-க்குக் கட்டிய செவிஸ் கட்டணம் இதற்குச் செல்லாது. மாணவர் விசாவான எஃப்-1-க்கு 350 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். 'இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை உங்கள் ஜே-1-இல் இருந்தாலும் எஃப்-1 விசாவைத் தடுக்காது.

சென்னை நேர்காணலில் கேட்டால் இரண்டே வாக்கியம்: "வேலை நேரம் ஒப்பந்தப்படி இல்லை. ஸ்பான்சரிடம் சொல்லிவிட்டு இந்தத் தேதியில் திரும்பினேன்." சொல்லாமல் வந்திருந்தால் அதையே சொல்லுங்கள். ஹோட்டலைத் திட்ட ஆரம்பித்தால் படிப்பைப் பற்றிப் பேச நேரமிருக்காது. செலவுக்கு ரப்பர் தோட்ட வருமானத்தைக் காட்டுவதானால், ஷீட் விற்ற பில்லும் வங்கி வரவும் ஒத்துப்போகட்டும்.