பள்ளியைப் பூட்டிய பிறகும் ஓடும் மீட்டர்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை நான். இரண்டு மாடிக் கட்டடம், 24 வகுப்பறைகள், 96 ஃபேன், 72 பழைய டியூப்லைட். கரண்ட் பில் கட்டி மாளவில்லை. முன்னாள் மாணவர்கள் 2 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். சோலார் போடுவதா, எல்லா ஃபேனையும் மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தைத் தொடுவதற்கு முன்னால் காசில்லாமல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளியைப் பூட்டும்போது மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை 8 மணிக்கு மறுபடியும் குறியுங்கள். இடையில் 39 மணி நேரம். ஒரு பிள்ளைகூட இல்லாத அந்த நேரத்தில் எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது?

நான் பார்த்த ஒரு பள்ளியில் 14 யூனிட் ஓடியிருந்தது. ஆளில்லாத கட்டடத்தில் ஏறக்குறைய 360 வாட் இடைவிடாமல் செலவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வாட்ச்மேனோடு போய்ப் பார்த்தோம். வராந்தா மூலையில் வாட்டர் கூலர் உறுமிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் லேபில் ஸ்டெபிலைசரும் யுபிஎஸ்ஸும் தொட்டால் சூடாக இருந்தன. ஆசிரியர் கழிப்பறையில் ஒரு டியூப்லைட் வெள்ளிக்கிழமையிலிருந்தே எரிகிறதாம்.

இது சின்ன விஷயம் இல்லை. வருடத்துக்கு 8,760 மணி நேரம். 210 வேலை நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் பள்ளி திறந்திருப்பது 1,680 மணி நேரம்தான். மீதி 7,080 மணி நேரமும் பூட்டுதான். அந்த 360 வாட் இத்தனை நேரம் ஓடினால் 2,500 யூனிட்டைத் தாண்டும். கணக்குக்கு யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் வருடம் 20,000 ரூபாய். கேமரா மாதிரி எப்போதும் ஓடவேண்டியவற்றைத் தனி லைனில் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரே எம்சிபியில் (கரண்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) கொண்டுவரச் சொல்லுங்கள். கேட்டைப் பூட்டுபவர் அதை இறக்கிவிட்டுப் போகட்டும். எலெக்ட்ரீஷியனுக்கு ஓரிரு நாள் வேலை.

அப்புறம் டியூப்லைட். பழைய டியூப் சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும், எல்இடி டியூப்லைட் 20 வாட். பள்ளி நாட்களில் நாளுக்கு 7 மணி நேரம் எரிந்தால் ஒன்றுக்கு வருடம் 44 யூனிட், சுமார் 350 ரூபாய் மிச்சம். ஒன்றின் விலை 250 ரூபாய் அளவில்தான். போட்ட காசு ஒரே வருடத்தில் திரும்பிவிடும், 72-ஐயும் தாராளமாக மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள். பல வகுப்புகளில் ஜன்னல் கண்ணாடி மேலேயே சார்ட் ஒட்டியிருக்கும், இல்லையென்றால் பீரோ மறைத்துக்கொண்டு நிற்கும். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே நாலு லைட் எரியும். சார்ட்டைச் சுவருக்கு மாற்றி, ஜன்னல் ஓரத்து லைட்டுக்குத் தனி சுவிட்ச் கொடுத்துவிட்டால் பகலில் அந்த வரிசையே தேவைப்படாது.

ஃபேனில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ளது) 30 வாட் என்பது உண்மைதான். ஆனால் பள்ளியில் ஒரு ஃபேன் நாளுக்கு 7 மணி நேரம், 210 நாள் ஓடினாலும் மிச்சம் 66 யூனிட், அதாவது 530 ரூபாய். ஃபேன் விலை 2,700 என்றால் முதல் திரும்ப ஐந்து வருடம் ஆகும். மார்கழி, தை மாதங்களில் ஃபேனை நிறுத்திவிடுவதையும் சேர்த்தால் இன்னும் இழுக்கும். ஆகவே நல்ல ஃபேனைக் கழற்றாதீர்கள். காயில் போன ஃபேனை மட்டும் திரும்பக் கட்டாமல் பிஎல்டிசியாக மாற்றுங்கள். அதிலும் சுவர் ரெகுலேட்டரில் வேலை செய்யும் மாடலாகக் கேட்டு வாங்குங்கள், வகுப்பறையில் ரிமோட் ஒரு வாரம் தங்காது. ஹாஸ்டல் இருந்தால் கணக்கு வேறு. அங்கே ராத்திரி முழுக்க ஓடுவதால் முதலிலேயே மாற்றலாம்.

மேல்மாடிப் பிள்ளைகளை நினைத்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். மொட்டைமாடி பாசி படிந்து கறுத்துப்போயிருந்தால் சித்திரை வெயில் முழுவதையும் வாங்கிக் கீழே இறக்கும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. கூரையை ஒட்டிச் சூடேறிய காற்றை அப்படியே பிள்ளைகள் தலையில் தள்ளுகிறது. மதியம் மூன்றாவது பீரியடில் ஃபுல் ஸ்பீடில் ஓடும் ஃபேனுக்குக் கீழே வியர்த்து வழியும் குழந்தைக்கு என்ன பாடம் ஏறும்? மழைக்காலம் முடிந்து பிப்ரவரியில் மாடியைத் தேய்த்துக் கழுவி, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு கோட் அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கரைக்கும், வருடா வருடம் அடிக்கவேண்டும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வெள்ளை கூல் ரூஃப் பெயின்டோ வெள்ளை ஓடோ போடலாம். உங்கள் 2 லட்சத்தில் பெரும்பகுதியை நான் இதற்குத்தான் ஒதுக்குவேன்.

சரி, சோலார்? நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். நிழல் விழாத 100 சதுர அடி இடம் வேண்டும். ஆனால் மே மாதம் வெயில் உச்சத்தில் இருக்கும்போது உங்கள் பள்ளி பூட்டியிருக்கும். அப்போது வெளியே போகும் யூனிட்டுக்கு என்ன விலை தருவார்கள் என்று மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேலே சொன்னதெல்லாம் முடிந்து ஒரு வருட பில் கையில் இருந்தால், எத்தனை கிலோவாட் போதும் என்று தெரிந்துவிடும். பேனல் மாட்டும்போது மேற்குப் பக்க வகுப்புகளுக்கு மேலே, தளத்திலிருந்து இரண்டடி உயர்த்தி மாட்டச் சொல்லுங்கள். கரண்டோடு கீழே இருக்கும் வகுப்புக்கு நிழலும் கிடைக்கும்.