பதின்மூன்றாவது மாதத்துப் பெண்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கல்வெட்டுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். அயர்லாந்தில் கார்க் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்தது டிசம்பர் முதல் வாரம். உடன் வேலை பார்க்கும் தோழி ஒருத்தி அவளுக்கு ‘கெல்டிக் மர ஜாதகம்’ பார்த்துச் சொன்னாள். பதின்மூன்றாவது மாதமாம், மரம் எல்டராம். முடிவையும் மரணத்தையும் குறிக்கும் மரம், இதில் பிறந்தவர்கள் நிலைகொள்ளாமல் அலைவார்கள் என்றெல்லாம் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. மூன்று சுழல் போட்ட டாலர் ஒன்றை அவளுக்குப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்கிறாள் தோழி. இந்த எண்களுக்கும் மரங்களுக்கும் குறிகளுக்கும் உண்மையில் என்ன பொருள்? மூன்று, ஒன்பது எல்லாம் எதைக் குறிக்கின்றன? கெல்டியர்களின் ட்ரூயிட் பூசாரிகள் நம் சித்தர் மரபில் வந்தவர்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது சரியா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சரியில்லை. அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. அந்த வீடியோவை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அயர்லாந்தின் ஓகம் கற்களைப் பற்றிய குறிப்புகளைத்தான் மறுபடி எடுத்து வைத்திருந்தேன். ஓகம் என்பது அந்த நாட்டின் பழைய எழுத்து, கீறல்களால் ஆனது. கற்களில் வெட்டியிருப்பதைப் படிக்காமலே அதற்கு அர்த்தம் சொல்லும் பழக்கம் பல வருஷமாக என்னை உறுத்துகிறது. அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும், கொஞ்சம் கோபமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஜாதகம். அது பழைய கெல்டியர்களுடையது இல்லை. அயர்லாந்து, பிரான்ஸ் பக்கமெல்லாம் கெல்டிக் மொழிகள் பேசி வாழ்ந்த பழைய மக்கள் அவர்கள். ராபர்ட் கிரேவ்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் 1948இல் ‘தி ஒயிட் காடஸ்’ என்று ஒரு நூல் வெளியிட்டார். ஓகம் எழுத்துகளின் பெயர்களில் பதின்மூன்று மெய்யெழுத்துகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரம், ஒவ்வொரு மரத்துக்கும் 28 நாள் என்று அவர் அதில் ஒரு நாட்காட்டி கட்டினார். பதின்மூன்றை இருபத்தெட்டால் பெருக்கினால் 364. மிச்சமான ஒரு நாளைத் தனியாக வைத்தார். கவிஞரின் கற்பனை அது, கற்பனையாக அழகானதுதான். ‘இந்த மரத்தில் பிறந்தவர் இப்படி இருப்பார்’ என்ற குணப்பலன் அவருக்கும் பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. அந்தக் கவிஞரின் தாத்தா சார்லஸ் கிரேவ்ஸ் லிமெரிக்கில் பிஷப்பாக இருந்தவர். கணித அறிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓகத்தை முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர். அந்த வீட்டுப் பேரன் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்த நாட்காட்டியில் செப்டம்பர் மாதத்துக்குத் திராட்சைக்கொடி வருகிறது. அயர்லாந்தில் திராட்சை எங்கே காடாக முளைத்தது? நீங்கள் அந்த ஊர் மழையில் குடையோடு வேலைக்குப் போய்வருகிறவர், இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

கெல்டியர்களின் நாட்காட்டி ஒன்று உண்மையிலேயே கிடைத்திருக்கிறது. பிரான்ஸில் கோலிஞி என்ற ஊரில் 1897இல், உடைந்த வெண்கலத் துண்டுகளாக. துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஐந்து வருஷக் கணக்கு. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு அதிக மாதங்கள், ஆக மொத்தம் 62. மாதங்களுக்கு 30 நாள் அல்லது 29 நாள். பதின்மூன்று மரங்கள் அதில் எங்கும் இல்லை. ட்ரூயிட்களோ தங்கள் போதனைகளை எழுதி வைப்பதில்லை, சிலர் இருபது வருஷம் மனப்பாடமாகவே படிக்கிறார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். எழுதாமலே போனதை 1948இல் எங்கிருந்து எடுத்தார்கள்?

இனி எனக்கு நெஞ்சு கனக்கிற விஷயம். என் பெரிய அத்தை மூல நட்சத்திரம். ‘பெண் மூலம் நிர்மூலம்’ என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று, வரன் பார்க்கும்போதெல்லாம் தாத்தா முதலில் விசாரித்தது மாப்பிள்ளையின் அப்பா இருக்கிறாரா இல்லையா என்பதைத்தான். நல்ல இடங்கள் அதனாலேயே தட்டிப்போயின. மாமனார் இல்லாத வீடு ஒன்று அமைந்தபோது அத்தைக்கு வயது ஏறியிருந்தது. அந்த வீட்டிலும் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அத்தை முகத்தைத்தான் பார்ப்பார்கள். கணக்கில் கெட்டிக்காரி அவள். ஊர் முழுக்க வட்டிக் கணக்கு அவளிடம்தான் போட வருவார்கள். ஆனால் தன்னைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். பிறந்த நேரத்தை வைத்து ஒரு பெண் குழந்தைக்கு இப்படி ஒரு பெயர் சூட்டினால் அது எத்தனை வருஷம் கூடவே வரும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

ஏம்மா, இதையெல்லாம் விட்டுவிட்டு அத்தனை தூரம் போய், படித்து, வேலை செய்து, ஒரு பிள்ளையை வளர்க்கிறீர்கள். அங்கேயும் போய் ஒரு மூலத்தைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருவீர்களா? ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் காது கேட்கும். நீங்களும் தோழியும் சமையலறையில் பேசியது அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

எல்டரைப் பற்றி அயர்லாந்து நாட்டுப்புறத்தில் பயம் இருந்தது உண்மைதான். அந்தக் கட்டையில் தொட்டில் செய்ய மாட்டார்கள், வீட்டு அடுப்பில் எரிக்க மாட்டார்கள். இதை மறைத்துப் பேசினால் நானும் அந்த ஜாதகக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவேன். ஆனால் அந்தப் பயம் மரத்தின் மேல்தான். டிசம்பரில் பிறந்த பிள்ளையின் மேல் அவர்கள் அதை ஏற்றவில்லை. அது இந்தக் காலத்து வேலை.

சரி, அந்த எல்டர் எழுத்துக்கு வருவோம். ஓகத்தில் மொத்தம் இருபது எழுத்துகள், நான்கு வரிசை, வரிசைக்கு ஐந்து. கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்துக்கொள்வார்கள். அந்த விளிம்புக்கு ஒரு பக்கம் ஒன்று முதல் ஐந்து கீறல் வரை ஒரு வரிசை, மறுபக்கம் இன்னொரு வரிசை, விளிம்பைச் சாய்வாக வெட்டிப்போகும் கோடுகள் மூன்றாவது, விளிம்பிலேயே சின்ன வெட்டுகள் உயிரெழுத்துகள். கட்டையில் கீறிக் கணக்கு வைக்கும் முறையிலிருந்துதான் இது வந்தது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எண் என்று கேட்டீர்களே, ஓகத்தில் எண்ணுக்கு உள்ள வேலை இதுதான்: எத்தனை கீறல் என்று எண்ணினால் எந்த எழுத்து என்று தெரியும். எல்லா எழுத்துப் பெயரும் மரப்பெயர் என்பதும் பிற்காலத்து உரைகாரர்கள் செய்தது. பிர்ச், ஆல்டர், வில்லோ, ஓக், ஹேசல் போலச் சிலதான் உறுதியாக மரங்கள். மற்றவற்றில் வயல், பயம், கழுத்து, சிவப்பு என்று என்னென்னவோ இருக்கின்றன. எல்டர் என்று உங்கள் தோழி சொன்ன ‘ர’ எழுத்தின் பெயர்தான் அந்தச் சிவப்பு.

கில்லார்னிக்குப் பக்கத்தில் டன்லோ என்ற இடத்தில் சாலையோரமாக ஒரு மேட்டில் எட்டு ஓகம் கற்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஏழு கற்கள் 1838இல் ஒரு நிலவறையில் கிடைத்தவை. யாரோ அவற்றைக் கூரைக்கு உத்தரமாகப் போட்டுவிட்டிருந்தார்கள். நான் போன அன்று தூறல். பாசி பிடித்த விளிம்பில் விரலை வைத்துக் கீழிருந்து மேலே தடவினேன். ஈரத்தில் கீறல்கள் கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் விரல் நகம் தங்குகிற பள்ளம். அந்தக் கற்களில் ஒன்று சொல்வது இதுதான்: ‘மக்வி-டால், வோர்கோஸின் மகன், தோய்காக் குலத்தவன்’. இன்னொன்றில் தேகோஸ் என்ற பெயர், அதே குலம். வேறொன்றில் ‘குனகேனா’ என்று பெயர் மட்டும். கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்ட், கடல் தாண்டி வேல்ஸ் என்று நானூறு கற்கள் அளவுக்கு இருக்கின்றன, பெரும்பாலும் ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளுடையவை. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இதே வாசகம்தான்: இன்னாருடையது, இன்னார் மகன், இன்ன குலம்.

வோர்கோஸ் என்ற பெயருக்குள் ‘ர’ இருக்கிறது பாருங்கள். விளிம்பைச் சாய்வாக வெட்டும் ஐந்து கோடுகள். அதே எல்டர் எழுத்து. அது மரணக் குறியாக இருந்திருந்தால் ஒரு மகன் தன் அப்பா பெயரில் அதைக் கல்லில் வெட்டி ஊர் பார்க்க நிறுத்துவானா? அவனுக்கு அது அப்பா பெயரின் நடுவில் வருகிற ஓர் எழுத்து. இவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் தன் பெயரையும் அப்பா பெயரையும் நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நாம் அதைப் படிக்காமல் இந்தக் கோட்டுக்கு என்ன ரகசியம், அந்தக் கோட்டுக்கு என்ன பலன் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வோர்கோஸை யாரும் கேட்கவில்லை.

மூன்றும் ஒன்பதும் அவர்கள் கதைகளில் நிறைய வருகின்றன, அதை மறுக்கவில்லை. ஞானக் கிணற்றைச் சுற்றி ஒன்பது ஹேசல் மரங்கள், அந்தக் கொட்டைகள் விழுந்து சால்மன் மீன் தின்று, அந்த மீனைச் சுடும்போது கட்டைவிரல் பட்டு ஃபின் என்ற சிறுவனுக்கு அறிவு வருகிறது. தெய்வங்கள் மூன்று மூன்றாக வரும். இதையெல்லாம் உங்கள் பெண்ணுக்குக் கதையாகச் சொல்லுங்கள். பிறந்த தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மரங்களை அவர்கள் எப்படி மதித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் சட்டத்தைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டு அயர்லாந்துச் சட்ட நூல் ஒன்றில் அண்டை வீட்டுக்காரர்களுக்குள் வரும் தகராறுகள் பேசப்படுகின்றன. அதில் 28 மரம் செடிகள், நான்கு வகுப்பு, வகுப்புக்கு ஏழு. முதல் ஏழு பிரபுக்கள்: ஓக், ஹேசல், ஹோலி, யூ, ஆஷ், பைன், காட்டு ஆப்பிள். ஏன் இவை பிரபுக்கள் என்றும் காரணம் வருகிறது. ஓக் அதன் காய்க்காக, அது பன்றிகளுக்குத் தீனி. ஹேசல் கொட்டைக்கும் வேலிக் குச்சிக்கும். ஆஷ் மரம் அரசனின் தொடையைத் தாங்குவதால், அதாவது அவன் உட்காரும் ஆசனம் அந்த மரம், ஆயுதப் பிடியும் அதுதான். பைன் அதன் பிசினுக்காக. பிரபு மரம் ஒன்றை வெட்டினால் அபராதம் இரண்டு கறவைப் பசுவும் ஒரு கிடாரியும். உங்கள் எல்டர் மூன்றாம் வகுப்பில் இருக்கிறது, அதைச் சேதப்படுத்தினாலும் அபராதம் உண்டு. பெரணியும் முட்செடியும்கூடப் பட்டியலில் உண்டு. எந்த மரம் யாருக்கு என்ன கொடுக்கிறது, யார் வெட்டினால் யாருக்கு நஷ்டம் என்று தெரிந்தவர்கள் எழுதியது அது. மரத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. இப்படிச் சட்டம் வைத்திருந்த அந்த நாட்டில் இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது காடு நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தது.

டாலரை மறந்தேவிட்டேன். மூன்று சுழல் அயர்லாந்தில் உள்ள நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறைக்குள் செதுக்கியிருக்கும் வடிவம். கி.மு. 3200 அளவில் கட்டியது, கெல்டிக் மொழிகள் அந்தத் தீவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு. அதைச் செதுக்கியவர்கள் அதற்கு என்ன பொருள் சொன்னார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கல்லறை எந்த நாளுக்காகக் கட்டப்பட்டது என்று தெரியும். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில், சூரியன் உதிக்கும்போது வாசலுக்கு மேலே விட்டிருக்கும் திறப்பு வழியாக ஒளி உள்ளறை வரை போகிறது. அகழ்வாராய்ச்சி செய்த ஓ’கெல்லி 1967இல் உள்ளே நின்று அதைப் பார்த்தார். உங்கள் தோழியின் கணக்குப்படி அந்த நாட்கள் உங்கள் மகளின் ‘முடிவு’ மாதத்துக்குள்தான் வருகின்றன. அத்தனை டன் கல்லைச் சுமந்து வந்தவர்கள் அந்த நாட்களுக்காகத்தான் சுமந்தார்கள்.

டாலர் அழகாக இருந்தால் வாங்கிக் கொடுங்கள், பரிகாரம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பதின்மூன்று, மரணம் என்று அவள் காதில் ஏதாவது விழுந்திருந்தால் இன்றைக்கே உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். அப்புறம், நீங்கள் இருக்கும் ஊரிலேயே பல்கலைக்கழகத்துக்குள் ஒரு தாழ்வாரம் நெடுக 28 ஓகம் கற்களை வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் அங்கே இருந்துகொண்டு போகாமல் இருந்ததற்கு உங்களை நன்றாகத் திட்ட வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், கீறல்களை அவளே எண்ணிப் படிக்கட்டும். இருபது எழுத்தும் ஒரு பிற்பகலில் வந்துவிடும். அவள் பெயரை ஓகத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் உங்கள் பெயரும் இருக்கட்டும்.

அன்புடன்.