636701: தருமபுரி பின்கோடுக்குள் நான்கு பகா எண்கள்

"பின்கோடு வெறும் முகவரிக் குறிதானே, அதில் கணிதச் சிறப்பு என்று ஏதாவது இருக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இருக்க முடியும். கடிதங்களைப் பிரிப்பதற்காக 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஏற்பாடுதான் பின்கோடு. ஆனால் எண்ணைத் தேர்ந்தெடுத்தது அஞ்சல் துறை என்றாலும், அதன் காரணிகளைத் தேர்ந்தெடுக்க யாராலும் முடியாது.

எங்கள் தருமபுரியின் எண் 636701. ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 23 என்பதால் 3-ம் வகுக்காது. 7, 11 இரண்டும் மீதி விடுகின்றன. பார்த்தால் பகா எண் போலத்தான் தெரியும். இங்கே 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை பெர்மா காட்டிய வழி அற்புதமாக வேலை செய்கிறது. எண்ணைவிடச் சற்றே பெரிய வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழிக்க வேண்டும். மிச்சமும் வர்க்கமாக வரும்வரை ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

798² = 636804; மிச்சம் 103.
799² = 638401; மிச்சம் 1700.
800² = 640000; மிச்சம் 3299.
801² = 641601; மிச்சம் 4900.

4900 என்பது 70-இன் வர்க்கம்! நான்காவது படியிலேயே பூட்டு திறந்துவிட்டது. பள்ளியில் மனப்பாடம் செய்த a² − b² = (a − b)(a + b) இதற்குத்தான். 801-இலிருந்து 70 போனால் 731, கூட்டினால் 871. அவற்றில் 731 = 17 × 43, 871 = 13 × 67. ஆக, 636701 = 13 × 17 × 43 × 67. நான்கும் வெவ்வேறு பகா எண்கள், ஒன்றும் இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. ஆறு இலக்க எண்ணில் இவ்வளவு ஒழுங்கைக் கண்டால் எனக்கு இன்றும் மனம் நிறைந்துவிடுகிறது.

அக்காவை மணமுடித்துக் கொடுத்த ஊர் கிருஷ்ணகிரி. 2004-இல் தனி மாவட்டமானது, பின்கோடு 635001. இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 1700. இரண்டையும் வகுக்கிற எண் எதுவானாலும் வித்தியாசத்தையும் வகுத்தாக வேண்டும். 1700-இல் இருக்கும் பகா எண்கள் 2, 5, 17 மட்டுமே. முதல் இரண்டுக்கும் இங்கே இடமில்லை. 636701-ஐ 17 வகுப்பதால் 635001-ஐயும் வகுத்தே தீரும். கணக்குப் போடாமலே தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் இதில் அழகு.

ஆனால் கிருஷ்ணகிரியின் எண் பெர்மாவுக்கு எளிதில் மசியாது. 635001 = 3 × 17 × 12451. இதை இரண்டாகப் பிரித்தால் மிக நெருக்கமாக வரும் இணையே 51-உம் 12451-உம்தான். அதனால் 797-இல் தொடங்கி 6251 வரை, 5455 படிகள் ஏற வேண்டும். பெர்மாவின் வழி காரணிகள் அருகருகே இருந்தால்தான் வேகமாகப் பலிக்கும். இங்கே இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பதே மேல்: 15 வருகிறது, 3 உடனே வெளியே வந்துவிடும்.

மிஞ்சுகிற 12451 பகா எண்தானா என்று கேட்பீர்கள். அது 112-இன் வர்க்கமான 12544-ஐவிடச் சிறியது. ஆகவே 109 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 59 போட்டால் 2 மிஞ்சும், 83 போட்டால் 1 மிஞ்சும். மீதியில்லாமல் எதுவும் வகுக்காது.