கோழியின் காதைப் பார்த்து முட்டை நிறம் சொல்ல முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வசிக்கிறோம். வீட்டுத் தோட்டத்தில் நான்கு பெட்டைகள் வளர்க்க இடம் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்க வேண்டும், கடையில் கிடைக்காத கரும்பழுப்பு முட்டையும் இட வேண்டும். ஒருவர் "பிளாக் காப்பர் மாரன்ஸ், வருடத்துக்கு 300 சாக்லேட் நிற முட்டை" என்று விளம்பரம் கொடுத்திருக்கிறார். காதுமடல் சிவப்பாக இருந்தால் பழுப்பு முட்டை என்று படித்தேன். அதைப் பார்த்தே வாங்கிவிடலாமா?

பதில்: அவரிடம் வாங்காதீர்கள். 300 முட்டையும் சாக்லேட் நிறமும் ஒரே கோழியிடம் கிடைக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர் ஒன்று விஷயம் தெரியாதவர், இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பவர்.

முட்டை ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். பழுப்புச் சாயத்தில் பெரும்பங்கு அதன் கடைசிச் சில மணி நேரத்தில்தான் ஓட்டின் மேல் படிகிறது. கோழியின் உடல் அந்தச் சாயத்தைச் சுரப்பதற்கு ஓர் அளவு உண்டு. அடுத்தடுத்த நாள் விடாமல் இடும் கோழிக்கு ஒவ்வொரு முட்டைக்கும் கிடைக்கும் சாயம் குறைகிறது. இடைவெளி விட்டு இடும் கோழியின் முட்டை கருத்து வருகிறது. அதனால்தான் நல்ல கரும்பழுப்பு இனங்கள் பெரும்பாலும் வருடத்துக்கு 150 முதல் 200 முட்டை என்ற கணக்கில் நிற்கின்றன. 250-க்கு மேல் போகும் கலப்பினக் கோழியின் முட்டை பழுப்புதான், ஆனால் நீங்கள் கேட்கும் பழுப்பு இல்லை.

காதுமடல் விஷயத்துக்கு வருகிறேன். சிவப்பு மடலுக்குப் பழுப்பு முட்டை, வெள்ளை மடலுக்கு வெள்ளை முட்டை என்பது பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் அது உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. ரோட் ஐலண்ட் ரெட் கோழிக்கும் சிவப்பு மடல், மாரன்ஸுக்கும் சிவப்பு மடல். முதல் கோழியின் முட்டை வெளிர் பழுப்பு, இரண்டாவதன் முட்டை கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. பழுப்பா இல்லையா என்பதை மடல் ஓரளவு சொல்லும். எவ்வளவு பழுப்பு என்பதைச் சொல்லவே சொல்லாது.

அந்த "பெரும்பாலும்" கூட எவ்வளவு பலவீனமானது என்பதற்கு ஒரே ஒரு இனம் போதும். ஸ்பெயினின் கத்தலோனியாவில், பார்சலோனாவுக்குத் தென்மேற்கே பெனதேஸ் என்ற திராட்சைத் தோட்டப் பகுதி இருக்கிறது. அந்த வட்டாரத்துக் கோழி பெனதெசென்கா. அதன் காதுமடலில் வெள்ளை பளிச்சென்று தெரியும், ஓரத்தில் மட்டும் சிவப்பு. மத்தியதரைக் கடல் பக்கத்துக் கோழிகளுக்கு வெள்ளை மடலும் வெள்ளை முட்டையும் வழக்கம் என்பதால், பார்த்தவுடன் வெள்ளை முட்டைக் கோழி என்று யாரும் சொல்லிவிடுவார்கள். அது இடுவதோ மாரன்ஸுக்குச் சமமான, சில சமயம் அதைவிடக் கருத்த முட்டை. மடல் நிறத்துக்குச் சில மரபணுக்கள், முட்டைச் சாயத்துக்கு வேறு மரபணுக்கள். பழைய இனங்களில் அவை சேர்ந்தே வந்தன, அவ்வளவுதான். பெனதெசென்காவைத் தேடி அலையச் சொல்லவில்லை. மிரளும் சுபாவம், நன்றாகப் பறக்கும், இங்கிலாந்தில் கிடைப்பதும் அரிது. காதைப் பிடித்துப் பார்த்துக் கோழி வாங்குவதை விட்டுவிடுங்கள் என்பதற்காகச் சொன்னேன். இறகு நிறமும் அப்படித்தான். ஊரிலிருந்து யாராவது கடக்நாத் கருங்கோழி கருப்பு முட்டை இடும் என்று படம் அனுப்பினால் நம்ப வேண்டாம். அதன் முட்டை வெளிர் பழுப்பு.

எந்த இனம்? உங்களுக்கு என் பதில்: வெல்சம்மர் இரண்டு, பிளாக் காப்பர் மாரன்ஸ் இரண்டு.

வெல்சம்மர் நெதர்லாந்தில் ஐசல் ஆற்றோரத்தில் உள்ள வெல்சம் கிராமத்தின் கோழி. பெட்டையின் கழுத்து பொன்னிறம், ஒவ்வொரு இறகின் நடுவிலும் கருங்கோடு. மார்பு செம்பழுப்பு. முதுகில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல நுண்ணிய புள்ளிகள். முட்டை செங்கல் நிறம், பலவற்றில் அதன்மேல் கரும்பழுப்புப் புள்ளிகளும் இருக்கும். புதிதாக இட்ட ஈர முட்டையை விரலால் தேய்த்தால் அந்தப் புள்ளி இழுபட்டுப் போகும். அது கெட்ட முட்டை அல்ல, சாயம் மேற்பரப்பில் இருப்பதன் அடையாளம். ஈரத் துணியால் தேய்த்துக் கழுவாதீர்கள், நீங்கள் ஆசைப்பட்ட நிறமே துணியில் வந்துவிடும். கூட்டில் காய்ந்த மரத்தூள் போட்டு வைத்தால் கழுவ வேண்டிய தேவையே வராது.

மாரன்ஸ், பிரான்சில் லா ரோஷெல் அருகே உள்ள மாரன்ஸ் என்ற சிறு துறைமுக ஊரின் கோழி. பிளாக் காப்பர் என்பது கரும் உடல், கழுத்தில் செம்பு நிறம். முட்டையில் இதை மிஞ்ச உங்களுக்குக் கிடைக்கக்கூடிய இனம் இல்லை. பிரெஞ்சு மாரன்ஸ் சங்கம் முட்டை நிறத்துக்கு 1 முதல் 9 வரை ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. 4-க்குக் கீழே போனால் அதை மாரன்ஸ் முட்டை என்று ஏற்பதில்லை. ஒரு குறை: பிரெஞ்சு வகைக்குக் காலின் வெளிப்பக்கம் இறகு இருக்கும். யார்க்‌ஷயர் குளிர்காலச் சேற்றில் அந்த இறகில் மண் உருண்டு கட்டிக்கொள்ளும். கால் செதிலுக்குள் புகும் உண்ணியும் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் பெருகும். கோழிகள் உலவும் அடைப்புக்கு மேலே கூரை போட்டு, தரையில் மரச்சில்லு நிரப்புங்கள். பறவைக் காய்ச்சல் காலத்தில் கோழிகளை அடைத்து வைக்க அரசு உத்தரவிடும்போதும் அந்தக் கூரை தேவைப்படும்.

பார்னவெல்டரையும் பலர் பரிந்துரைப்பார்கள். அழகில் அதற்கே முதலிடம்: செம்பழுப்பு இறகு ஒவ்வொன்றிலும் ஓரத்தை ஒட்டி இரண்டு கரும் வளைகோடுகள், வெயிலில் அவை பச்சையாய் மின்னும். ஆனால் பல தலைமுறையாக இறகுக் கோட்டுக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்ததில் முட்டை நிறம் பல வளர்ப்பாளர்களிடம் வெளுத்துவிட்டது. கோழியை முடக்கிக் கொல்லும் வைரஸ் நோயான மாரெக்ஸுக்கு எளிதில் ஆளாகும் இனம் என்ற பெயரும் அதற்கு உண்டு. முட்டையை நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இனிதான் முக்கியமான விஷயம், வாங்கும் இடம். கோழிக்கு நாய்போல வம்சாவளிச் சான்றிதழ் கிடையாது. யாரும் எதையும் மாரன்ஸ் என்று விற்கலாம். அதிகம் நடப்பது இதுதான்: மாரன்ஸ் சேவலையோ பெட்டையையோ வேறு இனத்தோடு சேர்த்துப் பெற்ற கலப்பினம் "மாரன்ஸ்" என்ற பெயரிலேயே கைமாறும். பார்க்கக் கருப்பாக, கழுத்தில் கொஞ்சம் செம்பு நிறத்தோடு இருக்கும். கலப்பினம் மோசமான கோழி இல்லை. ரோட் ஐலண்ட் ரெட் கலந்த ஸ்பெக்கிள்டி போன்றவை நிறைய இடும், சாதுவானவை. ஆனால் அதைத் தூய இனத்தின் விலைக்கு விற்பது ஏமாற்று.

இடைத்தரகர்கள் இன்னும் மோசம். ஏலத்தில் பெட்டி பெட்டியாக எடுத்து, அடுத்த வாரமே "எங்கள் பண்ணையில் வளர்த்தது" என்று விளம்பரம் போடுவார்கள். தாய்க்கோழி எது, அதன் முட்டை எப்படி என்று அவர்களுக்கே தெரியாது. ஏலத்தில் கலந்த கோழிகளோடு சளி நோயும் சேர்ந்தே வரும். விளம்பரத்தில் உள்ள முட்டைப் படமோ நிறம் கூட்டிய படம், இல்லையென்றால் விடைக்கோழி இட்ட முதல் பத்து முட்டையின் படம். எந்தக் கோழிக்கும் முதல் முட்டைகள்தான் மிகக் கருப்பு. பருவம் போகப் போக வெளுக்கும், இறகு உதிர்த்து ஓய்ந்து மறுபடி இடத் தொடங்கும்போது நிறம் திரும்பும்.

ஆகவே போனில் இப்படிக் கேளுங்கள். தாய்ப் பெட்டையின் வயது என்ன, இந்த வாரம் இட்ட முட்டையை நேரில் காட்ட முடியுமா? சேவல் எந்த நிற முட்டையிலிருந்து பொரித்தது? முட்டை நிறத்தில் சேவலுக்கும் பங்கு உண்டு. இந்தக் கேள்விக்கு நல்ல வளர்ப்பாளர் உடனே பதில் சொல்வார், தரகர் பேச்சை மாற்றுவார். மாரெக்ஸ் தடுப்பூசி பொரித்த நாளிலேயே போட்டதா என்றும் கேளுங்கள், பிறகு போட்டுப் பயன் இல்லை. நேரில் போனதும் காலைப் பாருங்கள். மாரன்ஸ் காலில் மஞ்சள் இருக்கக் கூடாது. சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு, உள்ளங்கால் வெளுப்பு. வெல்சம்மருக்கு நேர்மாறாக மஞ்சள் கால் வேண்டும், இட்டுக்கொண்டிருக்கும் பெட்டைக்கு அது வெளிறியிருக்கும். தபாலில் வரும் பொரிக்கும் முட்டையை வாங்காதீர்கள். குலுங்கி வந்த முட்டையில் பாதி பொரித்தாலே பெரிது, பொரித்ததில் பாதி சேவல். லீட்ஸ் தெருவில் நான்கு சேவல் கூவினால் அண்டைவீட்டார் மாநகராட்சிக்குப் புகார் எழுதுவார்கள்.

எரிச்சலான விஷயம் ஒன்று. 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். நீங்களும் செய்யுங்கள், கட்டணம் இல்லை, நோய்க் கட்டுப்பாட்டுக்கு அது தேவைதான். ஆனால் கொல்லையில் நான்கு கோழி வைப்பவரைக் கணக்கெடுக்கும் இந்த ஏற்பாட்டில், கலப்பினத்தைத் தூய இனமென்று விற்பவரைக் கேட்க ஆளில்லை. வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி "சொன்ன பொருள் இல்லை" என்று கேட்கலாம். ஆனால் முதல் முட்டை வரும்வரை ஆதாரம் கிடையாது. அது வருவதற்குள் விளம்பரமும் தொலைபேசி எண்ணும் மாறியிருக்கும். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள், இனத்தின் பெயர் எழுதிய ரசீது கேளுங்கள்.

நிறத்தைத் தீனியால் கூட்ட முடியாது. மிளகாய், சாமந்தி எதைப் போட்டாலும் மஞ்சள் கருதான் மாறும், ஓடு மாறாது. முட்டைக்கோழித் தீவனம் கோழிக்கு நாளொன்றுக்கு 120 கிராம் அளவில் போதும். மிச்சச் சோறும் காய்கறித் தோலும் போடுவது நம் வழக்கம், ஆனால் பிரிட்டனில் வீட்டுச் சமையலறை வழியாகப் போன உணவைக் கோழிக்குப் போடுவது சட்டப்படி தடை. சைவ வீடாக இருந்தாலும் பாலும் தயிரும் புழங்கினால் தடைதான். தோட்டத்தில் பறித்த கீரையை நேராகப் போடலாம். நிறம் திடீரென்று வெளுத்து ஓடும் மெலிந்தால் பேன், பயம், வெப்பம், சளி நோய் என்ற வரிசையில் பாருங்கள்.

கடைசியாகக் காலம். இந்த இரண்டு இனமும் ஆறேழு மாதத்தில்தான் இடத் தொடங்கும். மார்ச்சில் பொரித்த குஞ்சு செப்டம்பரில் இடும். ஜூனில் பொரித்ததை அக்டோபரில் "இன்றோ நாளையோ இட்டுவிடும்" என்று விற்பார்கள். பகல் குறைந்த பிறகு அது பிப்ரவரி வரை தீனி மட்டும்தான் தின்னும். குளிர்காலத்திலேயே வளர்ப்பாளரிடம் பேசி முன்பதிவு செய்து, நான்கையும் ஒரே நாளில் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் பழைய கோழிகள் புதியதைக் கொத்தித் தள்ளும்.