கரண்ட் இல்லாத காணிக்கு எந்த விறகடுப்பு நல்லது?

முல்லைத்தீவுப் பக்கம் கரண்ட் இல்லாத காணியில் குடியேறப் போகிறேன், காஸை நம்ப விருப்பமில்லை, புகை குறைந்த விறகடுப்பு எது, அதை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

என்னைக் கேட்டால் அனகி என்கிற களிமண் அடுப்புத்தான். ஒரே வாயில் விறகு, மேலே இரண்டு குழி. முன்னால் சோறு வேகும்போது பின்னால் போகிற சூட்டில் கறியோ தண்ணீரோ கொதிக்கும். அதை வெறுமனே தரையில் வைத்து எரிக்காமல் புற்றுமண், சாணம், நறுக்கிய வைக்கோல் குழைத்துச் சுற்றிவர அணைத்துக் கட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு மூட்டுங்கள். ராக்கெட் அடுப்பும் (L வடிவக் குழாய்க்குள் விறகு எரிகிற அடுப்பு) நல்லதுதான், கேத்தல் மளமளவென்று கொதிக்கும், ஆனால் உள்குழாயைச் சுற்றிச் சாம்பல் மாதிரி இலேசான பொருள் அடைத்திருக்க வேண்டும். மணலும் சீமெந்தும் அடைத்தால் அதுவே சூட்டைக் குடித்துவிடும், உங்களுக்குப் புகைதான் மிச்சம்.

சரி, அடுப்பு எதுவானாலும் ஈரவிறகு போட்டால் புகையத்தான் செய்யும். காணிக்குள் விழுந்த பாலை, வீரை மரங்கள் கிடைத்தால் நின்று எரியும், தணலும் பிடிக்கும், ஆனால் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள், காய்ந்த பாலையில் கோடாலி துள்ளும். அன்றாடத்துக்கு வேலிச் சீமைக்கிளுவையே போதும். பங்குனி, சித்திரையில் வெட்டிக் காயவைத்து ஐப்பசி மழைக்கு முன்னம் கூரைக்குக் கீழே, கல்லில் உயர்த்தி, வீட்டுச் சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள் (புடையன் பாம்புக்கு விறகுக் குவியல் நல்ல பிடித்தம், கையை உள்ளே விட முன் தடியால் தட்டுங்கள்). இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். பானையின் அடிக்கரி தொட்டால் உலர்ந்த தூளாக வந்தால் நல்லது, பளபளவென்று பிசினாக ஒட்டினால் விறகு காயவில்லை.

வாய் நிறைய விறகு திணிக்காதீர்கள், காற்றுப் போக இடம் வேண்டும்; நுனி எரிய எரிய உள்ளே தள்ளினால் போதும். சாம்பலைத் தினமும் அள்ளுங்கள். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் வெடிக்கும். சின்ன வெடிப்பை ஆறிய பிறகு களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசினால் சரியாகிவிடும். அப்புறம், அனகிக்குப் புகைபோக்கி இல்லை, அதனால் குசினிச் சுவரின் மேல்பக்கத்தைத் திறப்பாக விடுங்கள். கிடுகுக் கூரை என்றால் அடுப்புக்கு நேர்மேலே மட்டும் ஒரு தகரம் போடுங்கள்.