முகாமில் எடுத்த கணக்கு அரசாணை வரை போக என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில், அணையை ஒட்டி இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றில் மாலை வகுப்பு நடத்தும் தன்னார்வக் குழு நாங்கள். முகாமில் ஏறக்குறைய 200 குடும்பங்கள். கல்லூரிகளிலிருந்து பலமுறை வந்து கணக்கெடுத்துப் போயிருக்கிறார்கள், எதுவும் மாறவில்லை. நாங்களே ஓர் ஆய்வு செய்து அரசிடம் கொடுக்க நினைக்கிறோம். எப்படிச் செய்தால் பலன் கிடைக்கும்?

பதில்: கேள்வித்தாளைக் கடைசியில் எழுதுங்கள். எந்த முடிவு மாற வேண்டும், அதில் கையெழுத்துப் போடுபவர் யார், எந்த மாதத்தில் போடுகிறார் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த மூன்றும் தெரியாமல் "வாழ்வாதார நிலை" என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதும் அறிக்கை எந்த அதிகாரிக்கும் சொந்தமாகாது. முன்பு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கியிருக்கும்.

குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, கழிப்பறைப் பழுது எல்லாம் மாவட்ட நிர்வாகத்திலேயே முடியக்கூடியவை. மாதாந்திர உதவித்தொகை, வீடு, கல்வி உதவி ஆகியவற்றுக்குச் சென்னையில் இருக்கும் மறுவாழ்வுத் துறை ஆணையரகமும் அரசாணையும் வேண்டும். குடியுரிமையும் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதியும் ஒன்றிய உள்துறையின் கையில். மூன்றையும் ஒரே மனுவில் கலந்தால், ஒவ்வொரு அலுவலகமும் "இது எங்களுடையது அல்ல" என்று அடுத்த மேசைக்குத் தள்ளிவிடும். மூன்று தனி மனுக்களாகப் பிரித்துவிடுங்கள். பணம் கேட்கும் மனுவானால், அடுத்த ஆண்டு நிதிநிலை அறிக்கைக்குத் துறைகள் மதிப்பீடு தயாரிக்கும் அக்டோபர், நவம்பருக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். பட்ஜெட் வந்தபின் கொடுத்தால் ஓராண்டு காத்திருக்க நேரும்.

முகாமுக்குள் ஆய்வு நடத்தக் கலெக்டரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். அனுமதி இல்லாமல் எடுத்த கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கோப்பில் ஏறாது. பேசிய குடும்பங்களுக்கும் தேவையில்லாத விசாரணை வரும்.

200 வீடுகளில் சில வீடுகளை மட்டும் மாதிரியாக எடுக்க வேண்டாம். விடை 5 சதவீதத்துக்கு மேல் பிசகாது என்று 95 சதவீதம் நம்ப வேண்டுமானால் 132 வீடுகள் தேவைப்படும். அதற்குப் பதில் எல்லா வீட்டையும் பார்த்துவிடுவதே மேல், "எங்கள் வீட்டை ஏன் விட்டீர்கள்?" என்ற மனக்கசப்பும் வராது. எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். முகாம் ஆண்களில் பலர் பெயின்டிங் வேலைக்குப் போகிறவர்கள். ஓசூர், பெங்களூரு பக்கம் போய் வாரக் கடைசியில் திரும்புகிறவர்களும் உண்டு. வேலை நாளில் பகல் 11 மணிக்குப் போனால் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் மட்டுமே கணக்கில் வருவார்கள். வருமானம் பற்றிய பதில்கள் ஊகமாகிவிடும். ஞாயிறு காலையோ இரவு 7 மணிக்கு மேலோ போங்கள். முகாமில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் நாளன்று போகவே போகாதீர்கள். எல்லாரும் இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் நீங்களும் அந்தச் சரிபார்ப்பின் ஒரு பகுதி என்று நினைத்துப் பயந்து பதில் சொல்வார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறவர்கள். உங்களிடம் "சொல்ல விருப்பமில்லை" என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாது. அதனால் கேள்வி கேட்கும் வேலையை வேறு ஊர் நண்பர்களிடம் கொடுங்கள். "இதனால் உதவித்தொகை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இனி கேள்விகள். "தண்ணீர்ப் பிரச்சினை இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள், அதை வைத்து ஒரு குழாய்கூடப் போட முடியாது. "நேற்று எத்தனை குடம் பிடித்தீர்கள், வரிசையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?" என்று கேளுங்கள். குடம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு லிட்டர் பாட்டிலால் அந்த வீட்டுக் குடத்தை அளந்துவிடுங்கள். 15 லிட்டர் குடம் எட்டு, வீட்டில் நான்கு பேர் என்றால் தலைக்கு 30 லிட்டர். கோடையில் ஒருமுறையும் மழைக்குப்பின் ஒருமுறையும் எடுங்கள். இல்லையென்றால் "அது வறட்சி மாதம்" என்ற ஒரு வரியில் உங்கள் கணக்கு அடிபட்டுப் போகும்.

இந்த 30 லிட்டரை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் பல ஆய்வுகள் சறுக்குகின்றன. பேரிடர் உதவிக்கான ஸ்பியர் அளவுகோல் தலைக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்கிறது. அதை வைத்தால் முகாமில் தண்ணீர் இரு மடங்கு தாராளம்! அது வெள்ளத்திலும் போரிலும் உயிரைத் தக்கவைக்கப் போட்ட கணக்கு. 1983-க்குப் பின் பல அலைகளாக வந்து, இங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்களை அதால் அளப்பது அநீதி. கிராமப்புற வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். அதே ஊராட்சியில் பக்கத்து ஊரில் 40 வீடுகளை அதே வாரம், அதே கேள்விகளோடு பாருங்கள். "முகாமில் 30, பக்கத்து ஊரில் இவ்வளவு, திட்டம் சொல்வது 55" என்ற ஒரு வரி, பத்துப் பக்க வருணனையைவிட வேகமாக வேலை செய்யும்.

எண்ணிக்கையைத் தனியாகத் தராதீர்கள். "24 பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிட்டார்கள்" என்றால், எத்தனை பேரில் என்ற கேள்வி உடனே வரும். உதாரணத்துக்கு, 15 முதல் 17 வயதுள்ள 60 பேரில் 24 என்றால் 40 சதவீதம். பக்கத்து ஊரில் 75 பேரில் 15 என்றால் 20 சதவீதம். இப்போது அது கேட்கக்கூடிய வாதம். மாற்றுத்திறன் பற்றி "வீட்டில் ஊனமுற்றோர் உண்டா?" என்று கேட்டால் பாதிப் பேர் விடுபடுவார்கள். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவு, தன் வேலையைத் தானே செய்வது, பேசிப் புரியவைப்பது என ஆறிலும் சிரமம் இல்லை, கொஞ்சம், அதிகம், முடியவே இல்லை என்று நான்கு படிகளில் கேளுங்கள். இது பல நாடுகளில் பயன்படும் வாஷிங்டன் குழுவின் கேள்வித் தொகுப்பு.

உதவித்தொகை 2021-ல் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. கணவன், மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு மாதம் 3,500. இதை உயர்த்தக் கேட்பதானால், அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று எழுதி வாங்குங்கள். லெபனானில் 2013-14 குளிர்காலத்தில் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் வசித்த சிரிய அகதிகளுக்கு வெப்பமூட்டும் செலவுக்கென்று பணம் தந்தார்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலேயும் சற்றுக் கீழேயும் இருந்த குடும்பங்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, பணம் பெரும்பாலும் உணவுக்கும் தண்ணீருக்கும் போயிருந்தது. கடைகளில் விலை குறிப்பிடத்தக்க அளவு ஏறவும் இல்லை. இப்படிப்பட்ட விவரம்தான் "பணம் வீணாகும், விலை ஏறும்" என்ற நிதித்துறையின் எதிர்க்கேள்விக்குப் பதிலாகும்.

"இவர்களை வேலைக்கு அனுமதித்தால் உள்ளூர்க்காரர் வேலை போய்விடும்" என்பது இன்னொரு எதிர்க்கேள்வி. கொலம்பியா 2018-ல் ஆவணமில்லாத வெனிசுலாக்காரர் 4.42 லட்சம் பேரைப் பதிவு செய்து, அவர்கள் வேலை அனுமதி பெற வழி திறந்தது; உள்ளூர்த் தொழிலாளர் மீதான பாதிப்பு மிகச் சிறிது என்று பின்னர் ஆய்வில் தெரிந்தது. நீங்களும் பக்கத்து ஊர் பெயின்டர்களின் நாள் கூலியையும் மாதத்தில் கிடைக்கும் வேலை நாட்களையும் சேர்த்தே கேளுங்கள்.

பிறந்த தேதி, பிறந்த இடம், கையில் இருக்கும் சான்று மூன்றையும் விடாமல் பதியுங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன் என்கிறது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இதை வைத்துத்தான். உங்கள் முகாமில் அப்படி எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்று இருக்கிறது என்ற எண்ணிக்கைக்குப் பெரிய மதிப்பு உண்டு. தனி நபர் வழக்குகளை மட்டும் வழக்கறிஞரிடம் விடுங்கள்.

கேட்கக் கூடாததும் இருக்கிறது. 2015 ஜனவரி 9 வரை தஞ்சமடைந்து, பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு 2025 செப்டம்பரில் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் தங்குவதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. பதிவில்லாதவருக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே பதிவு உண்டா, எந்தப் படகில் வந்தீர்கள் என்று எழுதி வைக்காதீர்கள். தாள் யார் கைக்கும் போகலாம். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். எண்ணுக்கும் வீட்டுக்கும் உள்ள பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண் வந்தால் அடுத்த பிரிவோடு சேர்த்துவிடுங்கள். 200 வீட்டு முகாமில் "பார்வையற்ற மகனோடு தனியே வாழும் 60 வயதுப் பெண்" என்று எழுதினாலே யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

முடிவுகளை அனுப்புமுன் முகாமில் கூட்டம் போட்டு வாசியுங்கள். தவறைப் பிடிப்பவர்கள் அவர்கள்தான். எதை வெளியே சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அவர்களுடையது. மனு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது: ஒரு கோரிக்கை, ஓர் அட்டவணை, தோராயச் செலவு, உத்தரவிட வேண்டிய அலுவலர். மாவட்ட அளவிலான மனுவைத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, மனு எண்ணை வாங்கி வையுங்கள்.

மனு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்து, கோப்பு எந்தப் பிரிவில், யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த உரிமையைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. முகாம்வாசி பெயரில் போட்டால் நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்; விண்ணப்பம் உங்கள் குழுவில் உள்ள இந்தியக் குடிமக்களில் ஒருவர் பெயரில் போகட்டும்.